கேட்டால் சொல்வேன்: கையெழுத்துக்கு மட்டும்தானா எங்களைக் கூப்பிடுகிறார்கள்?

போன இதழில் முதியோர் அடையாள அட்டை பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அட்டையைப் பற்றியவை இல்லை. வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசாங்கம் என்ன செய்யப்போகிறது என்பதை யார் எங்கே உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள், எங்களிடம் ஏன் கேட்பதில்லை, கேட்கிற மாதிரி ஏன் நடிக்கிறார்கள் என்றுதான் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களையும் அலுவலகங்களையும் எடுத்துவிட்டேன், எழுதியவர்கள் நாளைக்கும் அதே அலுவலகத்து வாசலில்தான் நிற்கவேண்டும்.

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 74 வயது, எங்கள் ஊர் முதியோர் சங்கத் தலைவர். முந்தின நாள் பின்னேரம் ஜீஎஸ் (கிராம சேவகர்) போன் எடுத்து, "நாளைக்குக் காலையில் டீஎஸ் ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) முதியோர், மாற்றுத்திறனாளிகள் சேவைத் திட்டம் பற்றி மீற்றிங், கட்டாயம் வாங்க" என்றார். விடிய எழும்பி இரண்டு பஸ் மாறிப் போனால் மண்டபம் மேல்மாடியில். ஊன்றுகோலோடு ஏறிப்போய்ச் சேர்ந்தால் திட்டம் ஏற்கனவே அச்சடித்து, பைண்ட் பண்ணி, மேசையில் இருந்ததாம். கையெழுத்து வாங்கினார்கள், பணிஸும் ரீயும் தந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மாமா ஒரு கேள்வி கேட்க எழும்பினார், நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுகா என்னத்துக்கு அக்கா கூப்பிட்டார்கள்?
— படுவான்கரை வாசகி

பதில்: கையெழுத்துக்குத்தான் தங்கச்சி. வேறு காரணம் தேடவேண்டாம்.

அந்த வரவுத் தாள் எங்கே போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் விளங்கும். அறிக்கையின் கடைசியில் பின்னிணைப்பாக அதைக் கோர்ப்பார்கள். முன்பக்கத்தில் "பயனாளிகளின் கருத்துகள் பெறப்பட்டன" என்று ஒரு வரி இருக்கும், அந்த வரிக்குச் சாட்சி உங்கள் மாமாவின் கையெழுத்து. போட்டோ ஒன்றும் இருந்தால் சாட்சி இன்னும் பலம். நான் இதை அலுவலர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பல நேரம் அந்த உத்தியோகத்தருக்கே மேலிடத்திலிருந்து முந்தின நாள்தான் கடிதம் வந்திருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும் என்று. அவர் ஜீஎஸ்ஸுக்கு போன் எடுப்பார், ஜீஎஸ் உங்கள் மாமாவுக்கு எடுப்பார். அவசரம் மேலேயிருந்து கீழே இறங்குகிறது, கடைசியில் அதைச் சுமந்துகொண்டு படியேறுகிறவர் 74 வயது மனுசன்.

இனிமேல் அப்படிக் கூப்பிட்டால் மாமா போகட்டும், போகாமல் விடவேண்டாம். கையெழுத்தும் போடட்டும். ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, அந்தக் கட்டத்துக்குள் கொள்ளுமளவுக்குச் சின்ன எழுத்தில், "திட்ட நகல் முன்கூட்டித் தரப்படவில்லை, கேள்வி கேட்க நேரம் தரப்படவில்லை" என்று எழுதிவிட்டு வரட்டும். யாரும் தடுக்க முடியாது, அது அவருடைய கையெழுத்து. அந்தத் தாளை அறிக்கையில் கோர்க்கவேண்டும் என்றால் அந்த வரியும் சேர்ந்துதான் போகும். சண்டை பிடிக்காமல் சொல்லக்கூடிய வழி இதைவிட எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்தது, நேரம். எங்கள் நாட்டின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. தேசியப் பாதீடு (பட்ஜெட்) பெரும்பாலும் வருடக் கடைசியில்தான் பாராளுமன்றத்துக்கு வரும், பிரதேச சபைகளும் தங்கள் பாதீட்டை டிசம்பருக்குள் நிறைவேற்றிவிடவேண்டும். அப்படியென்றால் அடுத்த வருடத்துக்கு என்ன வேண்டும் என்று அலுவலகங்கள் கணக்குப் போடத் தொடங்குவது வருட நடுப்பகுதியில். நவம்பரில் உங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால், கலியாணம் முடிந்தபிறகு சாதகம் பார்க்கிற கதைதான். முதியோர் சங்கம் ஆனி, ஆடியிலேயே ஒரு கூட்டம் போட்டு, எங்களுக்கு இன்னதுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மேல்மாடி விடயம் தனிப் பிழை. அதைக் கீழே அடுத்தவருக்கு எழுதிய பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருக்கிறவன், வயது 31. அம்பாறைக் கரையோரத்தில் ஒரு ஊர். எங்களுக்கான திட்டத்தில் எங்களைக் கேட்கத்தான் வேண்டும் என்று சட்டம் ஏதும் இருக்கிறதா, அல்லது அவர்கள் மனமிரங்கிக் கூப்பிட்டால்தானா?

பதில்: இருக்கிறது தம்பி, ஆனால் அரையும் குறையுமாக. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று தெரிந்திருப்பது நல்லது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை 2007 மார்ச்சில் கையொப்பமிட்டது, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 4 ஆவது உறுப்புரையின் 3 ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய சட்டமோ கொள்கையோ வகுக்கும்போது அவர்களோடு, அவர்களுடைய சொந்த அமைப்புகள் வழியாக, நெருங்கிக் கலந்தாலோசித்துத் தீவிரமாக ஈடுபடுத்தவேண்டும் என்கிறது. சிறுவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. "அவர்களுடைய சொந்த அமைப்புகள்" என்பதைக் கவனியுங்கள், உங்களுக்கு உதவி செய்கிற தொண்டு நிறுவனம் வந்து உங்கள் சார்பில் தலையாட்டிவிட்டுப் போவதை அது சொல்லவில்லை.

ஆனால் எங்கள் நாட்டில் சர்வதேச உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வைத்தவுடன் அது நீதிமன்றத்தில் நேராகத் தூக்கிக் காட்டக்கூடிய சட்டமாகிவிடாது, பாராளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றவேண்டும். அதற்கேற்ற புதிய சட்டம் பற்றிப் பேச்சு நீண்டுகொண்டே போகிறது. கையில் இருப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அதில் வேலை, படிப்பு, பொதுக் கட்டடங்களுக்குள் போய்வருதல் ஆகியவற்றில் பாகுபாடு காட்டக்கூடாது என்று இருக்கிறது, காட்டினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். திட்டமிடும்போது உங்களைக் கேட்காவிட்டால் அதற்கு அவ்வளவு தெளிவான பிடி அதில் இல்லை.

ஆனால் மேல்மாடிக்குப் பிடி இருக்கிறது. 2006 இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் சாய்வுப் பாதை, கதவு, மலசலகூடம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கின்றன. அவை ஏட்டோடு கிடந்தபோது கலாநிதி அஜித் பெரேரா என்பவர், அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான், உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2011 இல் கட்டளை பெற்றார். ஆகவே நீங்கள் எழுதும் கடிதத்தில் "கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வையுங்கள்" என்பதைத் தயவாகக் கேட்காதீர்கள். ஒழுங்குவிதி இருக்கிறது, உயர் நீதிமன்றக் கட்டளை இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, சாய்வுப் பாதை இருக்கிறது என்று சொல்லி உங்களைக் கூட்டிப்போவார்கள். பொதுவான கணக்கு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். எங்கள் பக்கம் நான் பார்த்த பலவற்றில் மூன்று படிக்கு மேலே நாலடியில் சீமெந்து பூசி, மேலே வழுவழுப்பான மாபிள் ஒட்டி, ஏறி முடிகிற இடத்தில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் நாற்காலி பின்னுக்கு உருளும். மழை நாளில் அதில் நடக்கிறவனே வழுக்கி விழுவான். அந்தக் கட்டடத்தின் வரைபடத்தைச் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருத்தருக்கு ஐந்து நிமிடம் காட்டியிருந்தால் அதே காசில் சரியாகக் கட்டியிருக்கலாம். "முன்கூட்டிக் கேளுங்கள்" என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை. முடிந்தால் ஒரு அளவு நாடாவும் போனும் கொண்டுபோய் அளந்து, போட்டோ எடுத்துக் கடிதத்தோடு இணைத்து விடுங்கள்.

கேள்வி: மாதம் ஐயாயிரம் ரூபா வருகிறது. அதைக் கூட்டித் தந்தால் போதும். இந்த மீற்றிங், திட்டம், கருத்துக்கணிப்பு எல்லாம் எனக்கு எதற்கு பிள்ளை? — 79 வயது வாசகர், மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: ஐயா, கொடுப்பனவு எவ்வளவு என்பது கொழும்பில் முடிவாகிறது. 70 வயதுக்கு மேற்பட்ட வருமானம் குறைந்தவர்களுக்கு மூவாயிரமாக இருந்ததை ஐயாயிரமாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கு 7,500 ஆக இருந்ததைப் பத்தாயிரமாகவும் 2025 பாதீட்டில் கூட்டினார்கள். அதை நானும் நீங்களும் வாழைச்சேனையில் கூட்டம் போட்டு மாற்ற முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் காசை எடுக்கப் போகிற நாளை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கே வரிசை. கூரை இல்லாத பக்கம்தான் வரிசை நிற்கும், ஏனென்றால் உள்ளே இடமில்லை. கதிரை நாலு போட்டிருப்பார்கள், அதில் வரிசையில் நிற்கிறவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகள் இருப்பார்கள். கண்ணாடி யன்னலுக்குள்ளேயிருந்து பெயர் கூப்பிடுவது காது மந்தமானவருக்குக் கேட்காது, பக்கத்தில் நிற்கிறவர் தட்டிச் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் அவருடைய முறை போய்விடும். தண்ணீர் இல்லை, மலசலகூடத்துக்குப் பூட்டு, திறப்பு யாரிடமோ. ஐயாயிரத்தில் ஓட்டோவுக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். 2014 இல் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபிறகு சில ஊர்களுக்குப் பயணம் சுருங்கியது உண்மை, ஆனால் இன்னும் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்) ஏறி வாவியைக் கடந்து வருகிற கிழவிமார் இருக்கிறார்கள்.

இதில் ஒன்றுகூடக் கொழும்பில் முடிவாவதில்லை. எந்த நாளில் எந்த ஊருக்குக் கொடுப்பது, மாதத்தில் ஒரு நாள் ஊர்ப் பொதுக்கட்டடத்துக்கே வந்து கொடுக்கலாமா, 80 தாண்டினவர்களுக்குத் தனி வரிசையா, இலக்கம் எழுதின துண்டு கொடுத்து உட்காரவைக்கலாமா, இதெல்லாம் உங்கள் பிரதேசத்துக்குள்ளேயே பேசி முடிக்கிற விடயம். காசு செலவும் கிடையாது. மாதாமாதம் வரிசையில் நிற்கிற நீங்கள் சொல்லாமல் உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவர் அதை எப்படி யோசிப்பார்? கூட்டத்துக்குப் போங்கள் ஐயா. கொடுப்பனவைக் கூட்டச் சொல்லியும் கேளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கேள்வி: என் மகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. 22 வயது. மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டத்துக்கு அவளை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவளைக் கூட்டிப்போய் என்ன செய்ய? நானே போய் அவளுக்காகப் பேசிவிட்டு வந்தேன். சரிதானே? — ஒரு தாய், கல்முனைப் பக்கம்

பதில்: அம்மா, நீங்கள் போனது நல்லது. அவளைக் கூட்டிப்போகாதது நல்லதில்லை.

கோபிக்கவேண்டாம். நீங்கள் 22 வருடம் அவளுக்குக் காதாகவும் வாயாகவும் இருந்திருக்கிறீர்கள், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அங்கே என்ன கேட்டிருப்பீர்கள் என்று நான் ஊகிக்கிறேன்: எனக்குப்பிறகு இவளை யார் பார்ப்பது, பாதுகாப்பான இடம் ஒன்று வேண்டும், மாதாந்தக் காசு தடையில்லாமல் வரவேண்டும். எல்லாம் நியாயம். அவளைக் கேட்டால் தையல் மெஷின் வேண்டும் என்பாளோ, கலியாணம் வேண்டும் என்பாளோ, ஆஸ்பத்திரியில் டொக்டர் தன்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பேசுவது தனக்குப் பிடிக்கவில்லை என்பாளோ, எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். இரண்டு பேருடைய தேவையும் உண்மை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. திட்டத்தில் தாய் சொன்னது மட்டும் ஏறினால் மாவட்டம் முழுக்கப் பராமரிப்பு இல்லங்கள் வரும், வேலைவாய்ப்புப் பயிற்சி வராது.

"அவள் வந்தாலும் அங்கே பேசுவது அவளுக்கு விளங்காதே" என்பீர்கள். அதுதான் நீங்கள் கேட்கவேண்டிய முதல் விடயம். சைகை மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டத்துக்கு ஒழுங்கு செய்யுங்கள் என்று, அழைப்புக் கடிதம் வந்த அன்றைக்கே, எழுத்தில். கூட்ட நாளில் போய்க் கேட்டால் "ஐயோ முன்னமே சொல்லியிருந்தால்" என்பார்கள், அதை நம்பவும் வேண்டியிருக்கும். மகள் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர் யாராவது வரக்கூடும், அவருடைய பயணச் செலவைக் கூட்டம் வைக்கிறவர்கள் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்வையில்லாதவர்கள் நகலைப் போனில் குரலாகக் கேட்கக்கூடிய வடிவில் அனுப்பச் சொல்லலாம். பலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவே போதும்.

புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் தாய்மார் இருவரும் இதே மாதிரிக் கேட்டிருந்தீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் பேச்சுக் கேட்பது அந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். அதற்காக அவர்களைக் கேட்காமல் விடலாம் என்றில்லை. உத்தியோகத்தர் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு வந்து ஒரு அரை நாள் உட்காரட்டும், எந்தப் பிள்ளை எதற்குச் சிரிக்கிறது, எதற்குக் கத்துகிறது என்று பார்த்தால் சில விடயம் அவருக்கே விளங்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் மாற்றுத்திறனாளிகள் மிகக் குறைவு என்று கிராமத் தரவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தே அதைவிட எத்தனையோ பேர். எப்படி? — ஆசிரியர், திருக்கோவில்

பதில்: கேட்கிற கேள்வியில் இருக்கிறது. "வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார்களா?" என்று வாசலில் நின்று கேட்டால், "ச்சீ, அப்படி ஒருத்தரும் இல்லை, அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் நடக்க ஏலாது, வயசுதானே" என்பார்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் வேறு மாதிரிக் கேட்டார்கள்: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்திருப்பதில், தன்னைத்தான் கவனித்துக்கொள்வதில், மற்றவரோடு பேசிப் புரிந்துகொள்வதில் கஷ்டம் இருக்கிறதா என்று. அப்படிக் கேட்டதில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாக வந்தது. அதே கணக்கெடுப்பில் 60 வயது தாண்டினவர்கள் நாட்டில் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கிறது, ஆனால் அலுவலகத்தில் இரண்டுக்கும் இரண்டு உத்தியோகத்தர், இரண்டு கோப்பு, இரண்டு கூட்டம். கண் மங்கிய 75 வயது மனுசி முதியோர் கோப்பில் இருப்பார், வெள்ளைப் பிரம்பு மற்றக் கோப்பில் இருக்கும்.

யுத்தத்தில் கால் போனவர்களுக்கு இப்போது வயது ஏறிக்கொண்டு வருகிறது, எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் இது சின்ன விடயமில்லை. இருபது வயதில் பொய்க்காலோடு சைக்கிள் ஓடினவருக்கு ஐம்பத்தைந்தில் மற்ற முழங்காலும் தேய்ந்துவிடும். இவரை எந்தக் கோப்பில் போடப்போகிறார்கள்? நீங்கள் ஆசிரியர், உயர்தரப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஆறு கேள்வியோடு வீடுவீடாகப் போங்கள். சம்மதம் கேட்டுத்தான் எழுதவேண்டும், பெயர் தேவையில்லை, தொகை மட்டும் போதும். அதை ஜீஎஸ்ஸிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். வெறுங்கையோடு போய்க் குறை சொல்கிறவரைவிடத் தாளோடு போகிறவருக்குக் கதிரை கெதியாகக் கிடைக்கும்.

கேள்வி: மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழு என்று எம்பிமார் கூடுகிற கூட்டங்களில் நாங்கள் போய்ப் பேசலாமா?

பதில்: நினைத்தவுடன் போய் மைக் பிடிக்க முடியாது. அங்கே அரசியல்வாதிகளும் திணைக்களத் தலைவர்களும் இருப்பார்கள். ஆனால் நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயத்தை ஏற்றச்சொல்லிப் பிரதேச செயலாளருக்கு முன்கூட்டி எழுதலாம், சங்கத்தின் பெயரில் எழுதினால் மதிப்பு.

நான் உங்களை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறேன். சமூக சேவை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குப் பகிர்ந்த விடயம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப்பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம் ஓடுகிறது. அதாவது உங்களுக்கான மாகாணத் திணைக்களத்தின் செலவு பற்றிச் சபையில் எழும்பிக் கேள்வி கேட்க நீங்கள் வாக்களித்து அனுப்பின ஒருவர்கூட இல்லை. இதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, எனக்கு இது பெரிய எரிச்சல்.

மிஞ்சியிருப்பது உள்ளூராட்சி. 2025 மே மாதத் தேர்தலுக்குப்பிறகு பெரும்பாலான சபைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் வட்டாரத்து உறுப்பினர் உங்கள் தெருவில்தான் இருப்பார். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்க்க இடம் தருகிறது. இதைப் பல தவிசாளர்மாரே (சபைத் தலைவர்களே) கவனித்திருக்கமாட்டார்கள். நூலகம், சந்தை, பஸ் தரிப்பிடம், தெருவிளக்கு, ஆயுர்வேத மருந்தகம் எல்லாம் சபையின் கையில். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு குழு அமைத்து அதில் எங்களில் இருவரைப் போடுங்கள் என்று தவிசாளருக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் இப்படியான கூட்டங்களை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டும், பெண்கள் சமையலில். போன முறை அறிவித்தலும் சிங்களத்தில்தான் வந்தது. — சகோதரி, அம்பாறை மாவட்டம்

பதில்: கிழமையை மாற்றச்சொல்லிக் கேளுங்கள், பள்ளிவாசல் நிருவாகத்தையும் ஒரு கடிதம் தரச்சொல்லுங்கள். வயல் வெட்டும் காலத்தையும் கோயில் திருவிழாவையும் சேர்த்துப் பார்த்து நாள் குறிக்கச்சொன்னால் பக்கத்துத் தமிழ் ஊரும் உங்களோடு நிற்கும். மொழிக்கு மன்றாட்டமே வேண்டாம். தமிழில் கடிதம் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை, திரும்பவும் அப்படி வந்தால் நகலோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள்.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டால் டீஎஸ் ஒபிஸில் முகத்தைத் திருப்புவார்களா?

பதில்: சிலர் திருப்புவார்கள். போடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், தகவல் உத்தியோகத்தர்தான் அதை எழுதிக்கொள்ளவேண்டும். கை நடுங்குகிறவருக்கும் பார்வையில்லாதவருக்கும் இது பெரிய உதவி. 14 வேலை நாட்களுக்குள் தருகிறார்களா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். முடியாது என்றால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் உரிமை ஆணைக்குழு.

பெரிதாக ஒன்றும் கேட்காதீர்கள். "கடந்த வருடம் இந்தப் பிரதேசத்தில் மாற்றுத்திறனாளிகளின் வீடு, மலசலகூடத் திருத்தத்துக்கு ஒதுக்கின தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு, பயனாளிகளைத் தெரிவுசெய்த அளவுகோல் என்ன" — இவ்வளவுதான். ஒதுக்கினதில் மிச்சம் திரும்பிப்போயிருந்தால் அடுத்த கூட்டத்தில் உங்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

கேள்வி: அக்கா, கடிதம் எழுதுங்கள், கடிதம் எழுதுங்கள் என்கிறீர்கள். ஒரு மாதிரி எழுதித் தரக்கூடாதா? — முதியோர் சங்கச் செயலாளர், வாகரை

பதில்: தாராளமாக. பெயரையும் திகதியையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"பிரதேச செயலாளர் அவர்களுக்கு. எமது கிராம முதியோர் சங்கமும் மாற்றுத்திறனாளிகள் சங்கமும் சேர்ந்து எழுதுவது. அடுத்த ஆண்டுக்கான முதியோர், மாற்றுத்திறனாளிகள் சேவைத் திட்டம் தயாராகும்போது பின்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்கிறோம். திட்ட நகலைக் கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகத் தமிழில் எமக்கு அனுப்பவும். கூட்டத்தைக் கீழ்த்தளத்தில், மலசலகூட வசதியுள்ள இடத்தில் வைக்கவும். சைகை மொழி தெரிந்த ஒருவரை ஒழுங்கு செய்யவும். வருபவர்களுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் பயணச் செலவு வழங்கவும். நாம் சொன்னவற்றில் எவை சேர்க்கப்பட்டன, எவை சேர்க்கப்படவில்லை, ஏன் என்பதைக் கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். எமது ஊரின் முதல் மூன்று தேவைகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள், முப்பது எழுதினால் ஒன்றும் நடக்காது. இரண்டு சங்கத் தலைவர்களும் கையெழுத்து வைக்கட்டும். பிரதி ஒன்று சமூக சேவை உத்தியோகத்தருக்கு, ஒன்று தவிசாளருக்கு, ஒன்று உங்கள் கோப்பில். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரைக்கும் அங்கேயே நில்லுங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால்தான், பற்றுச்சீட்டைக் கடிதத்தோடு குத்தி வைத்துவிடுங்கள்.